உமித் தரையில் ஒரு கறுப்புக் கார்

காலை ஐந்து பத்து. முதலில் கண்ணில் பட்டது பூட்டு.

கார் கொட்டகையின் இரட்டைக் கதவில், வெளிப்பக்கமாக, உள்ளங்கை அகலப் பித்தளைப் பூட்டு தொங்கியது. இரவு பெய்த மழையில் நனைந்திருந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அதில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சம் அசைந்தது.

அடுத்தது சத்தம். டக். பிறகு ஒன்றுமில்லை. மறுபடி டக்.

நான் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஏழு விநாடிக்கு ஒன்று. இருபது முறை எண்ணியும் ஏழு, ஆறாகவோ எட்டாகவோ மாறவில்லை. கூடவே பெட்ரோல் வாடை. ஈர மண்ணின் வாடையோடு கலக்காமல், தனியாக மூக்கில் ஏறியது.

பூட்டை இழுத்துப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. உள்ளே யார் என்று கேட்க நினைத்தேன். கேட்காமல் மாடிக்குப் போய்விட்டேன். வாயில் நுரை இருந்தது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

மாடி அறை

கும்பகோணத்துக்கு மாற்றலாகி, நிருபர் வேலைக்குத் தோதாக ஓர் அறை தேடி அலைவதை அதற்கு முந்தைய வாரம்தான் நிறுத்தியிருந்தேன். கிடைத்த அறை தாராசுரம் போகும் சாலையில், ஆரோக்கியமேரி டீச்சர் வீட்டு மாடி. அறுபத்தைந்து வயது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். வெள்ளையில் சிறு பூப்போட்ட சேலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. வீட்டில் தனியாக இருந்தார்.

கணவர் சவரிமுத்து பாசன இன்ஜினியராக இருந்தவர். வாய்க்கால், மதகு, கலிங்கு என்று டெல்டா முழுக்கச் சுற்றியவர். அவருடைய கார்தான் கொட்டகையில் இருந்தது. இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்த கறுப்புக் கார். ஆமை முதுகு மாதிரி பின்புறம். இரண்டே கதவு. கை பட்டுப் பட்டு மஞ்சளேறிய ஸ்டீயரிங்.

நான் குடிவருவதற்கு முந்தைய வருஷம், தை மாதம் ஒரு விடிகாலையில், மாதாகோயில் பூசைக்குக் கிளம்பிய அவர் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜினை எடுக்கவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு வந்த டீச்சர் பார்த்தபோது அவர் ஸ்டீயரிங்மேல் இரண்டு கையையும் வைத்தபடியே போயிருந்தார். காருக்குள் ஏதோ டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்ததாம்.

இதை எனக்கு முதலில் சொன்னவர் எதிர்ச்சாரியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பஞ்சர் ஒட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். கடைசியில் ஒன்றைச் சேர்த்தார்.

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அஞ்சு லிட்டர் பெட்ரோல் வாங்கிட்டு வரச் சொல்றாங்க டீச்சர். மாசத்துக்கு ஒருக்கா பேட்டரியைச் சார்ஜ் போட்டுத் தரச் சொல்றாங்க. வண்டி வாசப்படி தாண்டினதில்ல. அப்ப யாரு ஓட்டுறா? நீங்கதான் பேப்பர்காரர், கண்டுபிடிச்சுப் போடுங்க."

ஒரு வைக்கோல் போர்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அதற்குச் சில வருஷங்களுக்கு முன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் வைக்கோல் போர் ஒன்று தானாக எரிந்தது. பக்கத்தில் அடுப்பு இல்லை, மின்கம்பி இல்லை. ஒரு மாதத்தில் அதே களத்தில் இரண்டாவது போரும் எரிந்தது. ஊர் கொள்ளிவாய்ப் பிசாசு என்றது. ஆட்கள் மாலை நான்கு மணிக்கே வயலைவிட்டு ஏறினார்கள்.

நான் போய் மூன்றாவது போருக்குள் கையை விட்டேன். தோள்வரை. உள்ளே சோற்றுப் பானை போலச் சுட்டது. மழையில் நனைந்த வைக்கோலைக் காயாமல் அடுக்கியிருந்தார்கள். ஈர வைக்கோல் உள்ளுக்குள்ளேயே புழுங்கிச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். வேளாண்மைக் கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதினேன். பிசாசைப் பெட்டிச் செய்தியில் அடைத்தாயிற்று என்று அலுவலகத்தில் சிரித்தார்கள்.

அதன் பிறகு பேய் என்று எங்காவது பேச்சு வந்தால் என்னைத்தான் அனுப்புவார்கள். ஆறேழு இருக்கும். ஒவ்வொன்றிலும் காரணம் கிடைத்தது. ஒன்றில் ஆந்தை, ஒன்றில் தளர்ந்த ஓட்டுக்கூரை, ஒன்றில் பக்கத்து வீட்டு மருமகன். ஆகவே ஐந்து பத்துக்குப் பூட்டிய கொட்டகையில் பார்த்ததையும் காரணம் கிடைக்கப்போகிற விஷயமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பாதி, அன்று மாலையே கிடைத்தது. டீச்சரிடம் காப்பி வாங்க அடுக்களைக்குப் போனபோது, அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு இருந்தது. கொட்டகைக்குள் திறக்கும் கதவு.

"நான்தான் உள்ள இருந்தேன், தம்பி" என்றார் டீச்சர், நான் கேட்காமலேயே. "தினமும் ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு உக்காந்திருப்பேன். வண்டி நின்னதும் எந்திரிச்சு வந்துடுவேன்."

"வண்டியா?"

"சத்தம். அது அவருக்குப் பூசை நேரம்."

சாவியை அவர் திருப்புவதில்லை. அதையும் அவரே சொன்னார். சாவி அலமாரியில், கணவரின் ஜெபமாலையோடு ஒரு டப்பாவில் இருந்தது. காட்டினார். ஆரம்பத்தில் சில மாதம் தினமும் திருப்பியிருக்கிறார், சத்தம் கேட்பதற்காக. பிறகு ஒருநாள் திருப்பாமலே அடித்தது. அன்றிலிருந்து சாவியைத் தொடவில்லை.

சொல்லிவிட்டுக் காப்பியை ஆற்றிக் கொடுத்தார். கணக்கு டீச்சரின் குரல். பலகையில் எழுதியதை வாசிப்பது போல இருந்தது.

மகன் வந்தான்

அது, ஊரைவிட்டுப் போவது எங்கள் பக்கத்தில் வேகம் பிடித்திருந்த காலம். முன்பு வளைகுடாவுக்குப் போனவர்கள் திரும்பி வந்து வீடு கட்டினார்கள். இப்போது கம்ப்யூட்டர் படித்துப் போனவர்கள் திரும்பவில்லை. வீட்டில் இருப்பவர்களை அழைத்துக்கொண்டார்கள். தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் ஞாயிறு காலை வயதானவர்கள் குளித்துவிட்டு வந்து வரிசையில் நிற்பார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் அவர்கள் கத்துவது தெரு முழுக்கக் கேட்கும். மழை பெய்ததா, பெய்தது, சாப்பிட்டாயா, சாப்பிட்டேன்.

டீச்சரின் ஒரே மகன் ஆன்டனி அமெரிக்காவில் இருந்தான். ஐப்பசிப் பாதியில் வந்து இறங்கினான். அம்மாவுக்கு விசா கிடைத்திருந்தது. அழைத்துக்கொண்டு போவதற்கு இரண்டு வார விடுப்பு.

டீச்சர் வரமாட்டேன் என்றார். அப்பா இங்கே இருக்கிறார் என்றார்.

ஆன்டனி மாடிக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தான். மெலிந்த, நிதானமான பையன். நேர வித்தியாசத்தில் கண் சிவந்திருந்தது. "சார், கல்லறையில இருக்கார்னு சொன்னாக்கூடப் புரிஞ்சுக்குவேன். கார்ல இருக்கார்ங்கிறாங்க" என்றான். பிறகு மெதுவாக, "காலைல நானும் கேட்டேன்" என்றான்.

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. இறந்தவர்களுக்காக எல்லோரும் கல்லறைக்குப் போய்ச் சுத்தம் செய்து, பூப் பரப்பி, சுற்றிலும் மெழுகுவத்தி நட்டு வைக்கும் நாள். டீச்சர் மெழுகுவத்தி வாங்கி வைத்துவிட்டார். இரண்டு பெரிய கட்டு. கல்லறைக்கு இந்த வருஷம் போகப்போவதில்லை, காரைச் சுற்றித் தரையில் நடப்போகிறேன் என்று மகனிடம் சொல்லியிருந்தார்.

அதைக் கேட்டதும் எனக்குப் பேய் மறந்துவிட்டது. பெட்ரோல் வாடை நினைவுக்கு வந்தது. ஒரு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லலாம் என்றேன்.

பக்கிரிசாமி

திருப்பனந்தாளில் பட்டறை வைத்திருந்த பக்கிரிசாமியை ஒரு செய்திக்காகச் சந்தித்திருந்தேன். குவைத்தில் ஷேக்குகளின் பழைய கார்களுக்கு வேலை பார்த்து, சண்டை வந்தபோது கட்டிய துணியோடு ஊர் திரும்பியவர். மறுநாள் பத்து மணி பஸ்ஸில், ஒயர்க்கூடையில் ஸ்பானர்களை வெங்காயம் போலக் குவித்துக்கொண்டு வந்து இறங்கினார்.

பூட்டைத் திறந்து இரண்டு கதவையும் விரித்தோம். எனக்கும் அதுதான் முதல் முறை. கார் கணுக்கால் ஆழ உமியில் நின்றது.

சவரிமுத்து வைத்த வழக்கம் அது. வாழ்நாளெல்லாம் தண்ணீரோடு பழகியவருக்குத் தரை ஈரத்தின் மேல் பயம். வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் ரைஸ்மில்லிலிருந்து ஒரு வண்டி உமி அடித்து கொட்டகையில் பரப்புவார். டயர் ஈரம் வாங்காது. அவர் போன பிறகும் டீச்சர் அதை விடவில்லை.

பக்கிரிசாமி காரைத் தொடாமல் ஒரு சுற்றுச் சுற்றினார். ஓட்டுநர் பக்க ஜன்னல் விளிம்பில் மெழுகு வழிந்து உறைந்த மேடு இருந்தது. தரையிலிருந்து கை முட்டி உயரத்தில். அதைப் பார்த்தபடி நின்றார். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார்.

டேங்கிலிருந்து முன்பக்கம் வரும் குழாயின் மூட்டுகளில் தேய்க்க வெள்ளைப் பொடி ஏதாவது கேட்டார். டீச்சர் சாக்பீஸ் டப்பாவைக் கொண்டுவந்தார். பக்கிரிசாமி உமியில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு மூட்டிலும் சாக்பீஸைத் தேய்த்தார். பெட்ரோல் கசிந்தால் பொடி நனைந்து நிறம் மாறும். அரை மணி நேரம் பார்த்தார். எல்லாம் வெள்ளையாகவே இருந்தது.

"குழாய்ல ஒண்ணுமில்ல" என்று எழுந்தவர், முதுகில் ஒட்டிய உமியைத் தட்டினார். தட்டிய கையை மூக்கருகே கொண்டுபோனார். இன்ஜினுக்கு நேர் கீழே குனிந்து, மேல் உமியை ஒதுக்கி, அடியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளினார். கொல்லைக் கோடி வரை நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். துவைக்கிற கல்லின்மேல் அதை வைத்து, எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, குச்சியைக் கிழித்துப் போட்டார்.

உமி எரிவதை நான் பார்த்திருக்கிறேன். புகைந்து, கனன்று, ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். இது அப்படி எரியவில்லை. குச்சி விழுமுன்பே நீலமாக ஓர் ஆள் உயரம் எழுந்தது. சத்தமே இல்லை. கல்லில் கரி வட்டம் மட்டும் மிஞ்சியது.

"டீச்சரம்மா" என்றார் பக்கிரிசாமி, "வண்டில இருந்து வழியறதெல்லாம் உமி குடிச்சிருக்கு. அதான் தரைல ஒரு சொட்டு தெரியல. பெட்ரோல் வாடை தரையோடதான் போகும். நீங்க வத்தியை மேல வெச்சீங்க, பொழச்சீங்க. தரைல நட்டிருந்தா, எதிர்ச் சைக்கிள் கடை வரைக்கும் சேர்த்து நாளைக்கு சாருதான் எழுதணும்."

டீச்சர் கல்லையே பார்த்தார். "எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"உமியைப் பாத்தா ஒரு வருஷம் இருக்குங்க."

ஒரு வருஷமாகத் தினமும் அந்தக் கொட்டகையில் நெருப்போடு உட்கார்ந்திருந்தவர், "அப்ப அவருதான் காப்பாத்தியிருக்காரு" என்றார்.

ஆன்டனி என்னைப் பார்த்தான்.

மேட்டூர் நிலவரம்

உமியைப் பதினோரு கூடை வாரினோம். தரையைக் கழுவி, காய்ந்ததும் என் அறையிலிருந்து பழைய பேப்பர்களைக் கொண்டுவந்து காரின் அடியில் விரித்தோம். பக்கிரிசாமி பேட்டரி வயரை மாட்டினார். டீச்சர் சாவியைக் கொடுத்தார். அவர் கையிலிருந்து அது வர ஒரு கணம் கூடுதலாக ஆயிற்று.

சாவியைத் திருப்பியதும் சத்தம் கிளம்பியது. முதலில் படபடவென்று வேகமாக. பிறகு மெதுவாக. பிறகு, டக். ஏழு விநாடி. டக்.

பானட்டுக்குள் சுவரை ஒட்டிச் சோடா பாட்டில் அளவில் ஒரு பம்ப் இருந்தது. கரண்டில் ஓடும் பெட்ரோல் பம்ப். அந்தக் காலத்து வண்டிகளில் அப்படித்தான் என்றார். சாவி போட்டதும் பெட்ரோலை இழுத்து கார்புரேட்டரின் சின்னத் தொட்டியை நிரப்பும். நிரம்பினால் உள்ளே ஒரு மிதவை எழும்பும், ஓர் ஊசி வழியை அடைக்கும், பம்ப் நின்றுவிடும். சவரிமுத்து சாவியைத் திருப்பி, சத்தம் நிற்கும்வரை காத்திருந்து, ஒரு சின்ன ஜெபம் சொல்லித்தான் இன்ஜினை எடுப்பார் என்றார் டீச்சர்.

இப்போது நிற்கவில்லை. பக்கிரிசாமி அடியிலிருந்து ஒரு பேப்பரை உருவினார். பக்கத்தின் மூலையில், மேட்டூர் நீர்மட்டம் போடுகிற கட்டத்தின் மேல், உள்ளங்கை அகல ஈரம். மை கரைந்து எண்கள் வழிந்திருந்தன.

கார்புரேட்டர் மூடியைத் திறந்து ஊசியை எடுத்தார். நெல் அளவு இருந்தது. அதன் கூர்முனையைச் சுற்றி, நகத்தால் தடவினால் தட்டுப்படும் ஒரு வரிப் பள்ளம். "இவ்வளவுதான் சார். இதால அடைக்க முடியல. தொட்டி நிரம்பி வழியுது, பம்ப் விடாம அடிக்குது."

சாவியில்லாமல் எப்படி அடிக்கிறது என்று ஆன்டனி கேட்டான். பக்கிரிசாமி தெருவுக்குப் போய் சர்பத் கடையில் ஒரு துண்டு ஐஸ் வாங்கி வந்தார். சாவியை உருவி டீச்சரின் கையில் கொடுத்தார். ஐஸைத் துணியில் சுற்றி, சாவித் துவாரம் இருந்த தகட்டின்மேல் அழுத்திப் பிடித்தார்.

பகல் இரண்டு மணி. வெயில் கொட்டகைக்குள் பாதிவரை வந்திருந்தது. நாலு பேரும் நின்றோம். காரில் யாருமில்லை. ஐஸ் உருகி முழங்கை வழியாகச் சொட்டியது.

டக்.

டீச்சர் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே தகடு தேய்ந்து தளர்ந்திருக்கிறது, விடிகாலைக் குளிரில் சுருங்கி ஒட்டிக்கொள்கிறது, வெயில் ஏறினால் விட்டுவிடுகிறது என்று விளக்கினார் பக்கிரிசாமி. நியாயமாக இருந்தது. ஒன்று மட்டும் கேட்டேன்: தினமும் சரியாக ஐந்து பத்துக்கா?

"அதுக்கு நான் என்ன டைம் கீப்பரா, சார்?" என்றார். ஆனால் சிரிக்கவில்லை.

ஒப்பந்தம்

அடுக்களையில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். வெளியே பக்கிரிசாமி கை கழுவும் சத்தம்.

ஆன்டனி நயமாகத்தான் பேசினான். எல்லாம் பார்த்தாயிற்று, ஊசி, தகடு, அவ்வளவுதான், இனிமேலாவது கிளம்பலாமே என்றான்.

டீச்சர் மேசைமேல் இருந்த அரிசியில் ஒரு கல்லைப் பொறுக்கினார். "ஐஸ் வெச்சா அடிக்குதுன்னு காட்டினாரு. சரி. தினமும் அடிச்சது அதனாலதான்னு எப்படிச் சொல்வே? ஒரு கணக்குக்கு ரெண்டு வழில விடை வரும்டா."

"அப்ப பம்பையே கழட்டிடலாம்மா. பம்ப் இல்லாத வண்டில சத்தம் வந்தா நான் ஒத்துக்கறேன்."

அவர் யோசித்தார். பிறகு மகனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, என் காதை நான் நம்ப முடியல. இப்பல்லாம் பூசைல கேக்குது, பஸ்ல கேக்குது. இவன் காதையும் நம்ப மாட்டேன், இவனுக்கு நான் வரணும். நீங்க பேப்பர்காரர். உங்களுக்கு ரெண்டு பக்கமும் வேண்டாம். நாளைக்குக் கல்லறைத் திருநாள், நான் நடந்து பூசைக்குப் போறேன். நீங்க கொட்டகைல உக்காந்து கேட்டுச் சொல்லுங்க. கேட்டா நான் அவரை விட்டு வரல. வத்தியும் அவருக்கு இங்கதான். கேக்கலன்னா இவனோட போறேன்."

"சரி, டீச்சர்" என்றேன்.

பக்கிரிசாமிக்கு இது பிடிக்கவில்லை. பம்ப் நன்றாக இருக்கிறது, அதைக் கழற்ற வேண்டிய வேலையே இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். பேட்டரியைச் சார்ஜ் கடையில் கொடுப்பதற்காக எடுத்துக்கொண்டார். ஊசியையும் கொண்டுபோனார், பித்தளையில் அதே அளவுக்குக் கடைசல் பிடிக்க. பம்ப் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டதால், அதை பேப்பரில் சுற்றி நூலால் கட்டி என் மேசைமேல் வைத்தார்கள். அன்றிரவு எழுதும்போதெல்லாம் அது என் இடது கைப்பக்கம் இருந்தது. அறையில் லேசாகப் பெட்ரோல் வாடை.

கல்லறைத் திருநாள்

நாலே முக்காலுக்கு டீச்சர் கிளம்பினார். கையில் குடை. ஆன்டனி கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் அடுக்களைக் கதவு வழியாகக் கொட்டகைக்குள் போய், டீச்சர் வழக்கமாக உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தேன். டார்ச், கைக்கடிகாரம், குறிப்பேடு, பென்சில்.

கார் இருட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் கறுப்பாக இருந்தது. உமி இல்லாத தரை பாதத்துக்குச் சில்லென்றிருந்தது. பானட் திறந்தே கிடந்தது. பம்ப் இருந்த இடத்தில் இரண்டு வயர்கள், ஒரு குழாய், நான்கு திருகு ஓட்டைகள். பேட்டரி இருந்த தட்டில் வெள்ளை பூத்த துரு. டார்ச் அடித்து இதையெல்லாம் எழுதிக்கொண்டேன். ஸ்டீயரிங் பக்கம் டார்ச் அடிக்கவில்லை.

வெளியே மழை விட்டிருந்தது. ஓட்டுக்கூரையிலிருந்து சொட்டுவது நின்றுவிட்டதா என்று முன்கூட்டியே எழுந்து போய்ப் பார்த்து வந்தேன். நின்றிருந்தது. கதவின் அடியில் இரண்டு விரல் வெளிச்சம் நீலமாக வர ஆரம்பித்தது.

ஐந்து பத்து ஆயிற்று. ஐந்தரைக்குக் கோயில் மணி அடித்தது. ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். முழங்கால் மரத்திருந்தது.

டீச்சர் ஆறே காலுக்கு வந்தார். குடையை மடக்கி வாசலில் சாத்தினார். ஆன்டனி எழுந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றான். மேசைமேல் இரண்டு கட்டு மெழுகுவத்தியும் பிரிக்காமல் இருந்தன.

"சொல்லுங்க தம்பி. கேட்டீங்களா?"

ஆன்டனி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேக்கல, டீச்சர்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து யார் எழுதியது, யார் பார்த்து எழுதியது என்று கண்டுபிடித்தவர்.

"சரி" என்றார். "அப்ப கல்லறைக்குத்தான் போயிருக்காரு."

மெழுகுவத்திக் கட்டுகளை எடுத்துப் பையில் போட்டார். மகனைக் குளிக்கச் சொன்னார். சம்மங்கியும் கோழிக்கொண்டையும் வாங்கிக்கொண்டு எட்டு மணிக்கு மூவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். காற்றில் வத்தி அணைந்து அணைந்து போயிற்று. டீச்சர் அலுக்காமல் ஏற்றிக்கொண்டே இருந்தார். கடைசி வத்தி எரிந்து முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

நின்றது

இரண்டு நாள் கழித்து பக்கிரிசாமி புது ஊசியோடு வந்தார். பம்பை என் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் மாட்டினார். சாவித் தகட்டையும் மாற்றினார். அடியில் அன்றைய பேப்பரை விரித்திருந்தோம். டீச்சர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சாவி திரும்பியது. படபடவென்று அடித்தது, வேகம் குறைந்தது, டக், டக், ஒரு டக். நின்றது.

நாங்கள் காத்திருந்தோம். ஏழு விநாடி போயிற்று, இன்னொரு ஏழு போயிற்று. பேப்பர் காய்ந்தே இருந்தது. டீச்சர் உதடு மட்டும் அசைய ஏதோ சொல்லி முடித்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, "எடுங்க" என்றார். ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கிடந்த வண்டி மூன்றாவது இழுப்பில் புகை கக்கி எழுந்தது. சைக்கிள் கடைக்காரர் ஸ்பானரோடு தெருவின் நடுவே வந்து நின்று பார்த்தார்.

அடுத்த வாரம் அவர்கள் போய்விட்டார்கள். வாசலில் பெட்டிகளை ஏற்றும்போது டீச்சர் என் கையில் சாக்பீஸ் டப்பாவைக் கொடுத்தார். காரை திருத்துறைப்பூண்டியில் இருந்த உறவுக்காரர் ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார். அமெரிக்காவிலிருந்து டீச்சர் எனக்கு இரண்டு கடிதம் எழுதினார். பனியைப் பற்றியும், பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தருவது பற்றியும். காரைப் பற்றி இல்லை. மூன்றாவதாக வந்த கடிதம் ஆன்டனி எழுதியது. டீச்சரை அங்கேயே அடக்கம் செய்திருந்தார்கள்.

அந்த வருஷத்துக் குறிப்பேடுகளை நான் தூக்கிப் போடவில்லை. கல்லறைத் திருநாள் பக்கத்தில் பேட்டரித் தட்டின் துருவும் நான்கு திருகு ஓட்டைகளும் எழுதியிருக்கின்றன. அவற்றின் கீழே பென்சிலில், என் கையெழுத்தில், ஒரு வரி இருக்கிறது:

"5.10. ஏழு விநாடிக்கு ஒன்று. 5.31 வரை."